அலுவலகத்திற்கு ஒரு தோல் பை: விலையைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

'பட்ஜெட்' என்ற சொல்லைக் கேட்டதும் வரியும் செலவும் நம் நினைவுக்கு வருகின்றன. அச்சொல்லின் வேரோ ஒரு தோல் பையில் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் சிறிய தோல் பையைக் குறித்த 'பூஜெத்' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் உருமாறி, பின்னர் பைக்குள் இருந்த கணக்கின் பெயராயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஒரு தோல் பையுடன்தான் அவைக்கு வந்தார். அதன்பின் வந்த நிதியமைச்சர்களின் கைகளிலும் பல்லாண்டுகள் தோல் பெட்டி இடம்பெற்றிருந்தது. 2019 ஜூலையில் நிர்மலா சீதாராமன் செந்நிறத் துணியில் சுற்றிய கணக்கேட்டைக் கையில் எடுத்து வந்தபோதே அவ்வழக்கம் மாறியது.

நாடாளுமன்றத்தில் மாறினாலும் நம் அலுவலகங்களில் தோல் பைக்குரிய இடம் குறையவில்லை. முதல் வேலைக்குச் செல்லும் மகளுக்கும், பதவி உயர்வு பெற்ற தம்பிக்கும், தொழில் தொடங்கும் நண்பருக்கும் நல்ல தோல் பை ஒன்றைப் பரிசளிக்க விரும்புகிறோம். பூட்டுடன் கூடிய விறைப்பான பெட்டி, தோளில் மாட்டும் வார் வைத்த மென்மையான பை என இதில் பல வடிவங்கள் உண்டு. இக்கட்டுரையில் இவற்றைப் பொதுவாகப் 'பை' என்றே குறிப்போம்.

வங்கி மேசையின் இப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு இதில் தனியோர் அக்கறை உண்டு. வீட்டுக் கடன் பெற வருவோரில் சிலர், தம் வாழ்நாள் சேமிப்பின் சான்றாகிய மூலப் பத்திரத்தை நான்காக மடித்து, துணிக்கடை நெகிழிப் பையில் கொண்டு வருகின்றனர். மடிப்பில் கிழிந்த தாள், மழையில் மை கலைந்த முத்திரை, தேநீர்க் கறை படிந்த வரைபடம் ஆகியவை எம் மேசைக்குப் புதியவை அல்ல. உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்துப் பெறும் அடமானக் கடனில் மூலப் பத்திரமே முதன்மையானது. ஆகவே பை என்பது தோற்றத்திற்கான அணிகலன் மட்டுமன்று. அது ஒரு பாதுகாப்பு. அதற்காகக் கொடுக்கும் பணம் வீணாகாமலிருக்கச் சில செய்திகளை இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

முதலில் அளவு

கடையில் நுழைந்தவுடன் நிறத்தையும் பளபளப்பையும் பார்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது உள்ளளவு. இன்று விற்கப்படும் பெரும்பாலான பைகள் மடிக்கணினியை மனத்தில் வைத்துத் தைக்கப்படுபவை. 14 அங்குல மடிக்கணினிக்கான பையின் உள்நீளம் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் இருக்கும். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர் என்பதால் அது எளிதில் அடங்கிவிடும். ஆனால் பத்திரங்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் நம் நாட்டில் பெரிதும் பயன்படும் 'லீகல்' அளவுத் தாளின் நீளம் 35.6 சென்டிமீட்டர். அதை இந்தப் பையில் மடிக்காமல் வைக்க இயலாது.

வழக்கறிஞர், பத்திர எழுத்தர், கணக்குத் தணிக்கையாளர், காப்பீட்டு முகவர், ஒப்பந்ததாரர் போன்றோர் 38 முதல் 40 சென்டிமீட்டர் உள்நீளமுள்ள பையையே நாட வேண்டும். 15.6 அங்குல மடிக்கணினியும் அதில் அடங்கும். கடைக்குச் செல்லும்போது 'லீகல்' அளவுக் கோப்பு ஒன்றையும், நாள்தோறும் எடுத்துச் செல்லும் கணினியையும் உடன் கொண்டு சென்று வைத்துப் பார்ப்பது நன்று. வெறும் பையின் எடையையும் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். கெட்டித் தோலில் தைத்த பை தானே ஒன்றரை, இரண்டு கிலோ இருப்பதுண்டு. அதனுள் கணினி, மின்னேற்றி, உணவுப் பாத்திரம், தண்ணீர்ப் புட்டி ஆகியவை சேர்ந்தால் தோள் தாங்காது. மும்பையின் புறநகர் ரயிலிலும் சென்னையின் பேருந்திலும் நின்று செல்பவருக்குக் கைப்பிடி மட்டுமுள்ள பெட்டியைவிட அகலமான தோள்வார் உள்ள பையே ஏற்றது.

தோலுக்கு எத்தனை பெயர்கள்

பையின் உட்புறத்தில் 'ஜெனுயின் லெதர்' என்று முத்திரை இருந்தால் நாம் மனநிறைவு அடைகிறோம். அம்முத்திரை 'இதில் தோல் இருக்கிறது' என்பதற்கு மேல் பெரிதாக எதையும் சொல்வதில்லை. எந்தத் தோல் என்பதை நாமே கேட்டறிய வேண்டும்.

விலங்கின் தோலில் மேற்புறம் இழைகள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். உட்புறம் செல்லச் செல்ல அவை தளர்ந்திருக்கும். மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே பயன்படுத்தினால் அது 'ஃபுல் கிரெய்ன்'. மயிர்த்துளைகளும் சிறு தழும்புகளும் அதில் தெரியும். உறுதியும் நீண்ட வாழ்நாளும் உடைய தோல் இதுவே. மேற்பரப்பைச் சற்றுத் தேய்த்துத் தழும்புகளை நீக்கி மேற்பூச்சு இட்டது 'டாப் கிரெய்ன்'. பார்வைக்குச் சீராக இருக்கும். உறுதி சற்றுக் குறைவு. மேலடுக்கைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கீழடுக்கு 'ஸ்பிளிட்'. அதன்மேல் பூச்சேற்றி, மேல்தோல் போன்ற கோடுகளை அச்சிட்டு விற்பதும் உண்டு. அதற்கும் 'ஜெனுயின் லெதர்' முத்திரை பொருந்திவிடுகிறது.

இவற்றுக்கும் கீழே உள்ளது 'பாண்டட் லெதர்'. தோல் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளையும் துகள்களையும் அரைத்து, பசைப்பொருளுடன் கலந்து தகடாக்கி, மேலே பிளாஸ்டிக் பூச்சு இடுவர். பெயரில் தோல் இருந்தாலும் தோலின் இழைப் பின்னல் இதில் இல்லை. அடுத்தது நாம் ரெக்சின் என்று வழங்கும் செயற்கைத் தோல். இதில் குறைகூற ஏதுமில்லை, அதன் பெயரிலேயே அதன் விலைக்கே விற்கப்படும் வரை. ஆனால் பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் மெல்லச் சிதையும் இயல்புடையது. சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற கடலோர, ஈரப்பத நகரங்களில் அத்தகைய பைகள் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிவதற்கு இதுவே காரணம்.

வேறுபாட்டைக் கண்டறியச் சில எளிய வழிகள் உண்டு. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். உண்மைத் தோலில் நார் போன்ற இழைகள் தெரியும், செயற்கைப் பொருளில் துணியின்மேல் ஒட்டிய படலம் தெரியும். கட்டைவிரலால் அழுத்துங்கள், நல்ல தோலில் நுண்ணிய சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் மறையும். மேற்பரப்பின் புள்ளிகள் ஓரிடம்போல் மற்றோரிடம் இருந்தால் அவை அச்சிட்டவை என அறியலாம். மணத்தை நம்ப வேண்டாம். தோலின் மணத்தைச் செயற்கையாக ஏற்ற முடியும். நெருப்பில் காட்டிப் பார்க்கும் சோதனை கடைக்காரருக்கும் பிடிக்காது, பைக்கும் நல்லதன்று.

எந்த விலங்கின் தோல் என்பதும் பயனைத் தீர்மானிக்கிறது. எருமைத்தோல் தடிமனும் கரடுமுரடான மேற்பரப்பும் கொண்டு நன்கு உழைக்கும். ஆட்டுத்தோல் மெல்லியது, இலேசானது; உள்ளறைகளுக்கும் சிறு பைகளுக்கும் உகந்தது. கொள்கையின் பொருட்டுத் தோலைத் தவிர்ப்போர் கெட்டியான கேன்வாஸ் துணிப் பையைத் தேர்ந்தெடுக்கலாம். இனி வரும் தையல், ஜிப் பற்றிய குறிப்புகள் அதற்கும் பொருந்தும்.

பதனிட்ட முறை

பச்சைத் தோல் அழுகாமல் பயன்பொருளாவது பதனிடுதலால். குரோமிய உப்பால் பதனிடுவது விரைவான முறை. தோல் மென்மையாகவும் நீரைத் தாங்குவதாகவும் அமையும். மரப்பட்டைச் சாறுகளால் பதனிடுவதற்கு வாரக்கணக்கில் காலம் பிடிக்கும். அத்தோல் முதலில் விறைப்பாக இருந்து, கைபடக் கைபட நிறம் ஆழ்ந்து அழகு பெறும். ஆனால் நீர்த்துளி பட்டால் கறை படியும். தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் கடல் கடந்து சென்று புகழ் பெற்றது. பிற்காலத்தில் ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரிதும் வாட்டில் மரப்பட்டை பிடித்தது. சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறைக்கு இன்றும் வழிகாட்டி வருகிறது.

இத்தொழிலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றங்கரை வேளாண் நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் ஆலைகள் இழப்பீடு தரவும் சுத்திகரிப்பு ஏற்பாடுகளைச் செய்யவும் ஆணையிட்டது. அதே ஆண்டு கொல்கத்தாவின் டாங்ரா உள்ளிட்ட பகுதிகளின் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்றும்படி தீர்ப்பளித்தது. பந்தலா தோல் தொழில் வளாகம் அவ்வாறு வளர்ந்ததே. எனவே 'தோல் எந்த ஆலையிலிருந்து வருகிறது, அங்குக் கழிவுநீர் சுத்திகரிக்கப்படுகிறதா?' என்று வாங்குபவர் கேட்பது பொருத்தமான கேள்வியே. ஆலைகளின் சுற்றுச்சூழல் நடைமுறையை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் 'லெதர் ஒர்க்கிங் குரூப்' என்னும் பன்னாட்டு அமைப்பின் பெயரைச் சில பைகளின் விவரச் சீட்டில் காணலாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

தோல் நன்றாக இருந்தும் பை கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: கைப்பிடி பொருத்திய இடம், ஜிப், உள்துணி.

கைப்பிடியும் தோள்வார் வளையமும் பையுடன் சேரும் இடத்தில் தையல் இரட்டையாக இருக்கிறதா, ஆணி அறைந்து வலுவூட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பளு முழுவதையும் அவ்விடமே தாங்குகிறது. தையல் சீராகவும், ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ ஆறு முதல் எட்டுத் தையல்கள் வரையிலும் இருப்பது நன்று. மிக நெருங்கிய தையல் உறுதியானது என்று எண்ண வேண்டாம். அருகருகே விழும் ஊசித் துளைகள் அஞ்சல்தலை ஓரம்போலத் தோலைக் கிழிய வைக்கும். நூல் பருத்தியாக இல்லாமல் நைலானாகவோ பாலியஸ்டராகவோ இருத்தல் வேண்டும். ஈரத்தில் பருத்தி நூல் இற்றுப்போகும். இரு ஊசிகளால் கையால் தைத்த பையில் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தவை எளிதில் பிரிவதில்லை.

ஜிப்பை ஓரத்திலிருந்து ஓரம்வரை பத்து முறையாவது திறந்து மூடுங்கள். திரும்பும் மூலையில் சிக்கினால் அந்தப் பையை வைத்துவிடுங்கள். சிறு காந்தம் ஒன்றைப் பக்கிள்மீதும் வளையத்தின்மீதும் வைத்துப் பார்க்கலாம். ஒட்டிக்கொண்டால் அது முலாம் பூசிய இரும்பு. மழையில் துருப்பிடித்துத் தோலிலும் சட்டையிலும் கறை ஏற்றும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. உள்துணியைக் கிள்ளிப் பாருங்கள். கெட்டியான பருத்தித் துணி நீண்ட நாள் உழைக்கும். ஒட்டி வைத்த மெல்லிய படலம் முதலில் உரியும்.

ஆண்டுக் கணக்கு

வணிகவியல் படித்தவருக்குத் தேய்மானக் கணக்கு பழகியது. பைக்கும் அதைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை.

ரெக்சின் பை ஒன்றின் விலை ரூ.1,800, வாழ்நாள் 2 ஆண்டுகள். ஆண்டுச் செலவு ரூ.900.

நல்ல தோல் பை ஒன்றின் விலை ரூ.9,000. பன்னிரண்டு ஆண்டுகளில் ஜிப் மாற்றவும், தையல் போடவும், மெருகூட்டவும் ரூ.1,800 செலவாகிறது எனக் கொள்வோம். மொத்தம் ரூ.10,800; ஆண்டுச் செலவு அதே ரூ.900.

'பாண்டட் லெதர்' பை ஒன்று, தோல் என்ற பெயரில் ரூ.6,000-க்கு விற்கப்படுகிறது. மூன்றாம் ஆண்டில் உரிகிறது. ஆண்டுச் செலவு ரூ.2,000.

இக்கணக்கு கற்பிக்கும் பாடத்தைக் கவனிக்க வேண்டும். விலை உயர்ந்த பை எப்போதும் இலாபம் என்று சொல்வதற்கில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தால்தான் அது ரெக்சின் பைக்குச் சமமாகிறது. ஆறே ஆண்டுகளில் தூக்கி எறிந்தால் இழப்பு. நேர்மையான ரெக்சின் பை கணக்கில் தோற்பதில்லை. பெரிய இழப்பு நேர்வது நடுவிலே, தோலின் விலையைக் கொடுத்துத் தோலல்லாததை வாங்கும்போது. நல்ல கடனையும் வாராக் கடனையும் பிரித்தறிய விண்ணப்பத்தின் அட்டையைப் பார்ப்பது போதாது என்பதை நாம் தொழிலில் கற்றிருக்கிறோம். பைக்கும் அது பொருந்தும்.

பை வாங்கக் கடன் வேண்டாம் என்று வங்கியாளர் சொன்னால் வியப்பாக இருக்கலாம். கடனட்டை நிலுவைக்கு மாதம் 3 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி விதிக்கப்படுவதுண்டு. 'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்திலும் செயல்முறைக் கட்டணமும் அதன்மீதான வரியும் இருக்கக்கூடும். முழுப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியும் கைவிட்டுப் போகலாம். மாதம் ரூ.750 வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பில் சேர்த்தால் ரூ.9,000-மும் அதற்கு வட்டியும் கையிலிருக்கும். அதற்குள் உண்மையிலேயே அந்தப் பை தேவையா என்பதும் தெளிந்துவிடும்.

எங்கு வாங்கலாம்

தோல் பைகளுக்குக் கொல்கத்தா நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஊர். கான்பூரில் சேணமும் குதிரைப் பூட்டுகளும் செய்த கைத்திறன் பைகளிலும் தெரியும். மும்பை தாராவியின் சாலையோரக் கடைகளில் அங்கேயே தைத்த பைகளை வாங்கலாம். அவ்விடத்துத் தோல் தொழிலை வேரூன்றச் செய்தவர்களில் தமிழகத்திலிருந்து சென்ற பதனிடுவோரும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகள் தோலுக்கும் காலணிக்கும் பெயர் பெற்றவை. இவ்வூர்களுக்குச் செல்ல நேர்ந்தால் தைப்பவரிடமே நேரில் கேட்டு, நம் அளவுக்குத் தைத்துக்கொள்ளவும் இயலும்.

எங்கு வாங்கினாலும் ரசீது கேட்டுப் பெற வேண்டும். அதில் 'பை' என்று மட்டும் எழுதாமல், கடைக்காரர் வாயால் சொன்னதை, 'ஃபுல் கிரெய்ன் எருமைத்தோல்' என்றால் அவ்வாறே, எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது. தரத்தைப் பற்றிப் பொய்யாகக் கூறி விற்பதும், ரசீது தர மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக முறைகள். ரசீதில் கண்ட காலத்திற்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள்ளோ குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையத்தில் வாங்குவோர் பொருள் விவரத்தில் 'லெதர்' என்றுள்ளதா, 'வீகன் லெதர்', 'பி.யு. லெதர்', 'ஃபாக்ஸ் லெதர்' என்றுள்ளதா என்று ஊன்றிப் படிக்க வேண்டும். பின்னவை மூன்றும் விலங்குத் தோலைக் குறிப்பன அல்ல. அப்பக்கத்தின் படத்தைச் சேமித்து வைத்துக்கொள்வது பின்னர் முறையீட்டுக்கு உதவும்.

மழைக்காலமும் பராமரிப்பும்

பன்னிரண்டு ஆண்டுகள் என்று நாம் போட்ட கணக்கு பராமரிப்பைப் பொறுத்தது. நனைந்த பையைத் துணியால் ஒற்றி, உள்ளே செய்தித்தாளை அடைத்து, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். வெயிலும் சூடான காற்றும் தோலை விறைக்க வைத்து வெடிக்கச் செய்யும். பயன்படுத்தாத நாட்களில் நெகிழி உறையில் கட்டி வைக்க வேண்டாம்; ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தித் தலையணை உறையே போதும். உள்ளே ஒன்றிரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வையுங்கள். பூஞ்சை தெரிந்தால் வெளியே எடுத்துச் சென்று உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட விடுங்கள்.

ஆண்டுக்கு இருமுறை தோலுக்கென்றே விற்கப்படும் மெருகுக் களிம்பை மெல்லியதாகத் தடவினால் போதும். சமையலறைத் தேங்காயெண்ணெய் தோலில் கறையாகப் படிந்து தூசியை இழுக்கும். காலணிப் பாலிஷின் நிறம் வெள்ளைச் சட்டைக்கு மாறிவிடும். தையல் பிரியத் தொடங்கியவுடன் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். ஜிப்பின் ரன்னர் ஒன்று தேய்ந்ததற்காகப் புதுப் பை வாங்குவோர் பலர். அதை மாற்ற ஆகும் செலவு மிகச் சிறியது. உழைப்புக்குரிய கூலியைத் தயங்காமல் கொடுத்தால் அவர் நம் பையின் வாழ்நாளை நீட்டித்துத் தருவார்.

பைக்குள் இருக்கக் கூடாதவை

எவ்வளவு நல்ல பையும் தொலையக்கூடும். ஆகவே மூலப் பத்திரம் வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் செல்லும் நாளில் மட்டும் பையில் இருக்கட்டும். மற்ற நாட்களில் அதன் இடம் பாதுகாப்புப் பெட்டகம். நாள்தோறும் எடுத்துச் செல்ல நகலே போதும். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும், ஏ.டி.எம். அட்டையுடன் அதன் இரகசிய எண் எழுதிய தாளும் எந்தப் பையிலும் இருத்தலாகாது. எண்பூட்டு உள்ள பெட்டியென்றால், ஆலையிலிருந்து வந்த 000 என்ற எண்ணை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

பை தொலைந்துவிட்டால் முதலில் வங்கியின் உதவி எண்ணை அழைத்து அட்டைகளை முடக்குங்கள். காசோலைகளின் எண்களைத் தெரிவித்துப் பணம் வழங்கலை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்துக் காவல் நிலையத்தில் புகார் அளித்து அதன் நகலைப் பெறுங்கள். இவ்வெண்களையும் உதவி எண்ணையும் ஒரு சிறு தாளில் எழுதி, பைக்கு வெளியே, வீட்டில் ஓரிடத்தில் வைத்திருப்பது அன்று பேருதவியாக இருக்கும்.